சிறிய எழுத்தில் ஒளிந்த உண்மை

வயிற்றுப்போக்கினால் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, மருந்துக்கடைக்கு ஆளனுப்பி ‘ஓ.ஆர்.எஸ்.’ வாங்கிவரச் சொல்லும் ஒரு தாய், இன்ன கம்பெனியின் சரக்கு வேண்டுமென்று கேட்பதில்லை. நீரையும் உப்பையும் இழந்து வற்றிக்கொண்டிருக்கும் உடலுக்கு அவற்றைத் திரும்பக் கொடுக்கவல்லது என்று மருத்துவரும் கிராம சுகாதார செவிலியரும் பள்ளிக்கூடப் பாடமும் சொல்லிக்கொடுத்த ஒரு குறிப்பிட்ட மருந்தையே அவள் கேட்கிறாள். அவ்விதம் கேட்டவளுக்கு நம் நாட்டில் பல ஆண்டுக்காலம், அந்த மூன்று எழுத்துகளையும் முகப்பில் பெரிதாகப் பொறித்துக்கொண்டு, ஆப்பிள், ஆரஞ்சு முதலிய பழங்களின் மணத்தோடும் அளவுக்கு மீறிய சர்க்கரையோடும் தயாரிக்கப்பட்ட ஒரு பானம் கைம்மாறிக்கொண்டிருந்தது. அதை உண்டாக்கியவர்களும் விற்றவர்களும் அதற்கு அனுமதி அளித்த அதிகாரிகளும், அது ஓ.ஆர்.எஸ். அன்று என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அறியாதவள் அந்தத் தாய் ஒருத்தியே. நோயுற்றோருக்கென்று செய்யப்படும் விளம்பரங்களில் மலிந்துள்ள வஞ்சனையைப் பற்றி எழுதப் புகும் எவரும் இந்த ஓர் உதாரணத்தில் சற்று நின்று போவது அவசியம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இதில் மருந்தும் மெய், அதன் மகிமையும் மெய், அந்த மெய்யின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்ட வியாபாரம் மட்டுமே பொய்.

1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்தின் எல்லையோரத்தில் தங்கியிருந்தபோது, பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பின் வழியே ஏற்றுவதற்குரிய திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசலைப் பாத்திரங்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே வாய்வழி புகட்டச் செய்தார். அதற்கு முன் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த அவ்விடத்தில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் நூற்றுக்கு நான்கு பேருக்கும் கீழே இறங்கிற்று. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று இம்முறையைக் குறித்து லண்டனின் ‘லான்செட்’ பத்திரிகை 1978-இல் எழுதியதில் மிகை ஏதுமில்லை. குடலின் உட்சுவர், சோடியத்தையும் குளுக்கோஸையும் தக்க விகிதத்தில் ஒருசேரப் பெறும்போதே அவ்விரண்டையும் விரைவாக உள்வாங்குகிறது. நீரும் அவற்றைத் தொடர்ந்து இரத்தத்தை அடைகிறது. ஆகவே இதில் விகிதமே உயிர். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள முறைப்படி ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் என்று அளந்து சேர்க்க வேண்டும். இனிப்பு இந்த அளவைப் பெரிதும் மீறுமானால், குடலிலிருந்து உடலுக்குள் செல்ல வேண்டிய நீர், உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்பட்டு, வயிற்றுப்போக்கு நிற்பதற்குப் பதிலாக வளர்கிறது. அந்தப் பெயரைச் சூடி விற்கப்பட்ட பானங்களுள் சிலவற்றில் சர்க்கரை லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல் இருந்தது. இருக்க வேண்டிய சோடியமோ மிகக் குறைவு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இன்றும் வயிற்றுப்போக்கு இருந்துவரும் உலகில், இவ்வித்தியாசத்தை ருசி பற்றிய வித்தியாசமாகக் கருதிவிட முடியாது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்று கேட்போமானால், சட்டத்தின் இரண்டு அறைகளுக்கு இடையே இருந்த ஓர் இடைவெளி கண்ணுக்குப் புலப்படும். உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து; அதைத் தயாரிப்பவர் மருந்துச் சட்டத்தின்படி உரிமம் பெற்று, அளவு பிசகாமல் தயாரிக்கக் கடமைப்பட்டவர். பானமோ உணவு, அதற்குரிய உரிமத்தை வழங்குவது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். உரிமங்கள் வேறு வேறாயினும் இரண்டும் வந்து அமர்வது ஒரே மருந்துக்கடையின் ஒரே அலமாரியில். உணவாக உரிமம் பெற்று, மருந்தின் பெயரை அணிந்து, மருந்து விற்கும் இடத்தில் வைக்கப்பட்டு, நோயாளிக்கே விற்கப்படும் பொருளை எந்த அதிகாரியும் தம்முடையதென்று முழுமையாக ஏற்றுக்கொள்ளாத அந்த நிலைமையே வியாபாரிகளுக்குப் பெரும் வசதியாயிற்று.

ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் போராடினார். அதிகாரிகளுக்கு எழுதினார், மக்களிடம் பேசினார், தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுவும் தொடுத்தார். 2022 ஏப்ரலில் உணவு ஆணையம் அப்பெயரைப் பானங்கள் பயன்படுத்தலாகாது என்று சொல்லிற்று. நீதி கிடைத்துவிட்டது என்று எவரும் எண்ணியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு ஜூலையில், வணிகச் சின்னத்தின் ஒரு பகுதியாக அப்பெயர் இருக்குமாயின் இருந்துவிட்டுப் போகட்டும், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற ஒரு வாசகத்தை உறையில் சேர்த்தால் போதும் என்று அந்த ஆணையமே இறங்கிவந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி அந்தச் சலுகை முற்றிலும் திரும்பப் பெறப்படும் வரை, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, முகப்பில் பெரிய எழுத்தில் ஒன்றும் ஓரத்தில் சிறிய எழுத்தில் அதற்கு நேர்விரோதமான மற்றொன்றும் அச்சாகி, இரண்டும் அரசாங்கத்தின் சம்மதத்தோடு நாடெங்கும் சென்றன. சில கம்பெனிகள் அப்போதும் விடவில்லை. கையிருப்பில் உள்ள சரக்கை விற்றுக்கொள்ளவாவது இடம் வேண்டுமென்று நீதிமன்றத்தை நாடின. அவற்றுள் ஒன்றின் மனுவைப் பொதுச் சுகாதாரத்தைக் கருதி ஏற்க மறுத்த தில்லி உயர் நீதிமன்றம் நன்றிக்குரியது.

அந்தச் சிறிய எழுத்தைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் மருந்து விளம்பரங்களின் அநியாயம் முழுவதும் இன்று அதனுள்தான் குடிகொண்டிருக்கிறது. பழைய நாளில் விளம்பரக்காரன் துணிந்து பொய் சொன்னான். ‘சர்வரோக நிவாரணி’ என்று கூசாமல் அச்சிட்டான். இன்றைய விளம்பரம் அப்படிச் செய்வதில்லை. மூட்டுவலியால் மாடிப்படி ஏறமுடியாத முதியவர் அடுத்த காட்சியில் பேரனோடு ஓடுவதைக் காட்டிவிட்டு, ‘பலன்கள் ஆளுக்கு ஆள் மாறுபடலாம்’ என்ற வாக்கியத்தைத் திரையின் அடியில், படித்து முடிப்பதற்குள் மறையும்படி ஓடவிடுகிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று வாயால் சொல்லாமல், ‘சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கத் துணைபுரியும்’ என்று சொல்லி, குணமடைந்தவரைப் போல் ஒருவரைப் புன்னகை செய்ய வைக்கிறது. கேட்பவர் மனத்தில் பதிவது காட்சி. வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டப்படுவது அடிக்குறிப்பு. தமிழ்த் தொலைக்காட்சியில் தமிழிலேயே பேசி முடித்த விளம்பரம், எச்சரிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் அச்சிடுவதைக் காணும்போது, அந்த எச்சரிக்கை யாருடைய பாதுகாப்புக்காக எழுதப்பட்டது என்பதில் சந்தேகம் எழுவதற்கே இடமில்லை.

சட்டம் இதை அறியாமல் இருந்ததா? இல்லை என்பதே வருத்தத்தை மிகுவிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய ஆணையம் 2022 ஜூன் 9-ஆம் தேதி வெளியிட்ட நெறிமுறைகளில், பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் பிரதான செய்திக்கு முரணாக இருத்தலாகாது, தவறாக வழிநடத்தும் ஒரு கூற்றைத் திருத்தும் கருவியாக அதைப் பயன்படுத்தலாகாது, விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அந்த மொழியிலேயே அது இருத்தல் வேண்டும் என்று தெளிவாக விதிக்கப்பட்டிருக்கிறது. இதைக் காட்டிலும் நேர்மையான விதியை நான் கண்டதில்லை. ஆனால் அது வெளியான அடுத்த மாதமே மற்றோர் ஆணையம், பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு அதைத் திருத்தும் வாசகத்தை ஓரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை எழுதியதை மற்றொரு கை படிக்கவில்லை. அல்லது படித்தும் பொருட்படுத்தவில்லை. இவ்விரண்டில் எது நேர்ந்திருந்தாலும் அதன் பலனை அனுபவித்தவை குழந்தைகள்.

இன்னும் பின்னால் சென்று பார்ப்போமானால், சுதந்திரம் பெற்ற ஏழாம் ஆண்டிலேயே நம் நாடாளுமன்றம் இவ்விஷயத்தில் கவலை கொண்டிருந்தது தெரிகிறது. மருந்துகள் மற்றும் மாந்திரீகப் பரிகாரங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் 1954-இல் இயற்றப்பட்டது. புற்றுநோய், நீரிழிவு, கண்புரை, காது கேளாமை முதலாக 54 நோய்களை அட்டவணையிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யலாகாது என்று அது தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்ற விளம்பரத்தையும் தடுக்கிறது. அதை எதிர்த்து ஒரு யூனானி மருந்து நிறுவனம் தொடுத்த வழக்கில், விலக்கப்பட்ட மருந்துகளை விற்பதற்கான விளம்பரம் அரசியலமைப்பு காக்கும் பேச்சுரிமையில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1959-இலேயே தீர்ப்புரைத்தது. இத்தனை இருந்தும், நம் ஊர்ப் பேருந்து நிலையத்துச் சுவர்களில் மூலம், பவுத்திரம் என்று தொடங்கும் தகடுகளும், இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்கியிருப்பார் என்ற துண்டுப் பிரசுரங்களும், ஆண்மைக் குறைவுக்கு நிரந்தரத் தீர்வு என்று நள்ளிரவில் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் ஓடும் பேட்டிகளும் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. முதல் முறை குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆறு மாதச் சிறைவாசமோ அபராதமோ, இரண்டுமோ என்று அச்சட்டம் சொல்கிறது. அத்தண்டனையைப் பன்மடங்கு உயர்த்தி, முதற் குற்றத்துக்கே இரண்டாண்டுச் சிறையும் பத்து இலட்ச ரூபாய் அபராதமும் என்று 2020-இல் தயாரான திருத்த வரைவு, வரைவாகவே இருக்கிறது.

பதஞ்சலி நிறுவனத்தின் விஷயத்தில் நடந்தது யாவரும் படித்ததே. இந்திய மருத்துவர் சங்கம் 2022-இல் தொடுத்த வழக்கில், நோய்களை நிரந்தரமாகத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை நிறுத்துமாறு உச்ச நீதிமன்றம் எச்சரித்ததும், அவ்வாறே செய்வதாக வாக்களித்துவிட்டு மீண்டும் விளம்பரம் செய்ததும், 2024 ஏப்ரலில் நாடெங்கும் நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட நேர்ந்ததும், அம்மன்னிப்பு அந்த நிறுவனம் வழக்கமாக வெளியிடும் விளம்பரங்களின் அளவுக்கு இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டதும் பொதுப் பதிவில் உள்ளவை. அதைக் காட்டிலும் நான் கவனிக்கும்படி வேண்டுவது, அதிகம் பேசப்படாத ஒரு விதியின் கதை. ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளின் விளம்பரங்களை வெளியிடுமுன் மாநில உரிம அதிகாரியிடம் ஒப்புதல் எண் பெற வேண்டும் என்று மருந்து விதிகளில் 170-ஆம் விதியாக 2018 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. 2023-இல் அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியையே நீக்கிற்று. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. 2025 ஆகஸ்டில் வழக்கு முடித்து வைக்கப்பட்டபோது அந்த நிறுத்தமும் முடிவுக்கு வந்தது. வெளியிடுமுன் பார்த்து அனுமதிக்கும் ஒரே கதவும் இவ்வாறு கழற்றி எடுக்கப்பட்டுவிட்டது. சித்த வைத்தியத்தில் ஆழ்ந்த விசுவாசம் உள்ளவர்கள் இந்த நீக்கத்தைத் தங்கள் வைத்தியத்துக்குக் கிடைத்த வெற்றியாக எண்ணுவார்களாயின், அது பெரும் தவறு. போலி விளம்பரங்களால் முதலில் மதிப்பிழப்பது, நூல்களைக் கற்றுப் பத்தியம் சொல்லி நாடி பார்க்கும் நேர்மையான வைத்தியரே ஆவார்.

இவ்விடத்தில் மறுதரப்பு நியாயத்தையும் எடை போட்டுப் பார்ப்பது கடமை. தலைவலிக்கும் சளிக்கும் மருத்துவரிடம் ஓட இயலாத, ஒரு நாள் கூலியை இழக்க முடியாத மக்கள் நிறைந்த நாட்டில், சீட்டின்றி வாங்கும் மருந்துகள் தேவையே. அவற்றைப் பற்றி மக்களுக்கு அறிவிக்க விளம்பரமும் தேவையே. இதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஓ.ஆர்.எஸ். கூட அப்படி வாங்கும் மருந்துதான். ஆனால் மக்களுக்கு அறிவிப்பது என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் அண்டை நாட்டில் ஓர் அரிய முன்மாதிரி இருக்கிறது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுக் காலம், வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களில் தாய்மார்களுக்கு உப்பும் வெல்லமும் கொண்டு இந்தக் கரைசலைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்த ஊழியர்களின் ஊதியம், அவர்கள் எத்தனை வீடு ஏறினார்கள் என்பதைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. பின்னொரு நாள் வேறோர் ஊழியர் சென்று விசாரிக்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள், எவ்வளவு சரியாகக் கரைத்துக் காட்டுகிறாள் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. சொன்னவருக்குக் கிடைக்கும் கூலி, கேட்டவருக்கு உண்டான தெளிவைப் பொறுத்திருந்தது. மருந்து விளம்பரத்தின் பொருளாதாரம் இதற்கு நேர்மாறானது; கேட்டவர் எவ்வளவு குழம்புகிறாரோ அவ்வளவுக்குச் சொன்னவர் லாபமடைகிறார். ஆதலால் விளம்பரக்காரரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி, வெளியிடுமுன் அவரே கையெழுத்திடும் உறுதிமொழி போதும் என்று இருந்துவிடுவது பேதைமை.

இனி, இக்கட்டுரை அச்சாகும் தாளையே பற்றிச் சில வார்த்தைகள். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்து தயாரிப்பவரை மட்டும் பிடிக்கவில்லை. அத்தகைய விளம்பரத்தின் பிரசுரத்தில் எந்தப் பங்கும் எவரும் எடுக்கலாகாது என்பது அதன் வாசகம். பத்திரிகைகள் இந்த வாசகத்தை மறந்துவிட்டன என்றே சொல்ல வேண்டும். மறப்பதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மருந்து விளம்பரம் உலகெங்கும் பத்திரிகைத் தொழிலைத் தொட்டில் பருவத்திலிருந்து ஊட்டி வளர்த்தது. அமெரிக்காவில் 1905-இல் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பவர் ‘காலியர்ஸ்’ வாரப் பத்திரிகையில் காப்புரிமை மருந்துகளின் மோசடிகளைத் தொடர்ந்து எழுதியபோது, ஒரு திடுக்கிடும் செய்தியும் வெளிவந்தது: மருந்து முதலாளிகள் பத்திரிகைகளோடு செய்துகொண்ட விளம்பர ஒப்பந்தங்களில், அந்த மாகாணத்தில் தங்கள் மருந்துகளுக்கு விரோதமான சட்டம் ஏதேனும் நிறைவேறினால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற ஷரத்து சிவப்பு மையில் அச்சிடப்பட்டிருந்தது. பல பத்திரிகைகள் அத்தகைய சட்டங்களை ஆதரித்து எழுத முன்வராததன் ரகசியம் அந்தச் சிவப்பு வரிகளில் இருந்தது. அந்தக் கட்டுரைகள் மூட்டிய கிளர்ச்சியின் துணையோடு 1906-இல் அங்கே உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்தது. ஆயினும் 1911-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மருந்தில் என்ன இருக்கிறது என்பது பற்றிய பொய்யையே அச்சட்டம் தண்டிக்கும், அது என்ன நோயைத் தீர்க்கும் என்பது பற்றிய பொய்யைத் தண்டிக்காது என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு திருத்தம் வந்தும், ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று அரசாங்கமே நிரூபிக்க வேண்டியிருந்ததால், ‘நான் நம்பித்தான் விற்றேன்’ என்றவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் நிலைமை அப்படியே நீடித்தது.

நம் நாட்டிலே, காந்தியடிகள் தம்முடைய பத்திரிகைகளில் விளம்பரங்களையே ஏற்பதில்லை என்ற விரதத்தோடு அவற்றை நடத்தினார். அந்தக் கடினமான விரதத்தை இன்றைய நாளிதழ்களிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. தாளின் விலையும் கூலியும் விளம்பரமின்றிக் கட்டுபடியாகா. ஆனால் நடுப்பக்கத்தில் என்னைப் போன்றவர்கள் சுகாதாரம் பற்றி எழுதிக்கொண்டிருக்க, அதே தாளின் பின்பக்கத்தில், மூன்று மாதத்தில் சர்க்கரை நோய்க்கு விடுதலை என்று ஒரு செவ்வகக் கட்டம் இடம் பெறுமானால், வாசகர் எந்தப் பக்கத்தை நம்ப வேண்டும்? தலையங்கத்தில் ஒரு சொல் பிசகினால் மறுநாள் திருத்தம் வெளியிடும் பத்திரிகை, விளம்பரத்தில் வந்த பொய்யால் ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டுப் படுக்கையில் விழுந்தால் அதற்குத் தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வது தர்மமாகாது. வாசகர் அந்தப் பெட்டிச் செய்தியை நம்பியதற்குக் காரணம், அதைத் தயாரித்தவர் மேலுள்ள விசுவாசம் அன்று. அதை அச்சிட்ட தாளின் மேல் தலைமுறைகளாக வளர்ந்த விசுவாசமே.

ஆகவே என் கோரிக்கைகள் சில. நோய் தீர்க்கும் என்று சொல்லும் எந்த விளம்பரமும், அது எந்த வைத்திய முறையைச் சேர்ந்ததாயினும், உணவென்று உரிமம் பெற்றதாயினும், வெளியாகுமுன் தகுதியுள்ள ஓர் அதிகாரியின் பார்வைக்குச் சென்று வர வேண்டும். நீக்கப்பட்ட விதியை நீக்கியவர்களே திரும்பக் கொண்டுவர வேண்டும். மருந்தின் பெயரை மருந்தல்லாத பொருள் தாங்குவது, ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் எட்டாண்டுப் போராட்டத்தின் பின் தடுக்கப்பட்டது போல, எல்லாப் பொருள்களிலும் முன்கூட்டியே தடுக்கப்பட வேண்டும். எச்சரிக்கை வாசகம் தமிழ் விளம்பரத்தில் தமிழிலேயே, பிரதான வாசகத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். பத்திரிகை உரிமையாளர்களும் தொலைக்காட்சி நிறுவனத்தாரும் 1954-ஆம் ஆண்டின் அந்த அட்டவணையை விளம்பரப் பகுதியின் சுவரில் மாட்டி வைத்து, அதில் உள்ள நோய்களைத் தொடும் விளம்பரம் எதுவாயினும், எவ்வளவு பணம் வருவதாயினும், ஏற்க மறுக்க வேண்டும். இந்த மறுப்புக்குப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை.

வாசகர்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. அதைப் பலர் அறியமாட்டார்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பற்றி மத்திய நுகர்வோர் ஆணையத்துக்கு மட்டுமன்றி, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி உங்கள் மாவட்ட ஆட்சியருக்கே நேராகப் புகார் எழுதலாம். அத்தகைய விளம்பரம் எந்தப் பத்திரிகையில் கண்ணில் பட்டாலும், இந்தப் பத்திரிகையிலேயே பட்டாலும், அதைக் கத்தரித்து, வெளியான தேதியைக் குறித்து, ஒரு கடிதத்தோடு இணைத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.